ஊரில் கொட்டிய குப்பையும் உலகச் சட்டமும்: சட்ட மாணவர்களிடம் உழவர் கேட்க வேண்டியது என்ன?

2024 டிசம்பரில் நடந்ததை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பேட்டையில் இருந்து மேற்கே சுத்தமல்லிப் பக்கம் போனால் நடுக்கல்லூர், கோடகநல்லூர், கொண்டாநகரம், பழவூர் என்று தாமிரபரணித் தண்ணீரை நம்பி வாழும் ஊர்கள் வரும். பிசானப் பயிர் நிற்கிற மாதம் அது. அந்த ஊர்களின் ஓரங்களில் மூட்டை மூட்டையாக மருத்துவமனைக் கழிவு கிடந்தது. பயன்படுத்திய ஊசி, கையுறை, மருந்துக் குப்பி எல்லாம் அதில் இருந்தன. கூடவே நோயாளிகளின் சீட்டுகளும் கிடந்தன. அந்தச் சீட்டுகளில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர் இருந்ததால்தான் கழிவு எங்கிருந்து வந்தது என்றே தெரிந்தது.

அடுத்து நடந்தது நம்ம ஊரில் அடிக்கடி நடக்காத காரியம். பத்திரிகைச் செய்திகளைப் பார்த்து, சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மூன்று நாளில் கழிவை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கேரளத் தரப்புக்கு உத்தரவு போட்டது. டிசம்பர் 22 அன்று கேரளத்தில் இருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

"கொட்டினவனே வந்து அள்ளிட்டுப் போறான், இப்படியும் சட்டம் இருக்கா?" என்று டீக்கடையில் பலரும் கேட்டார்கள். இருக்கிறது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, நாம் அதை எப்படிப் பயன்படுத்துவது, அதைத் தேடித்தர யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பணம் கொடுத்து வக்கீல் வைக்க முடியாத உழவருக்குச் சட்டக் கல்லூரி மாணவர்கள் பைசா வாங்காமல் செய்து தரக்கூடிய வேலை ஒன்று உண்டு. அதை நாம் இதுவரை கேட்டுப் பெறவில்லை.

கழிவு திரும்பிப் போன பாதை

முதலில் உள்நாட்டுச் சட்டம். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 என்று ஒன்று உண்டு. அதன்படி கழிவை உண்டாக்கிய மருத்துவமனைதான் அதற்குப் பொறுப்பு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வகை பிரிக்க வேண்டும். சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாநில எல்லை தாண்டி யாரோ ஒரு லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

அடுத்தது உலகச் சட்டம். 1989-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பணக்கார நாடுகள் தங்கள் நச்சுக் கழிவை ஏழை நாடுகளில் கொண்டு தள்ளியதைத் தடுக்க வந்த உடன்படிக்கை அது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. சட்டவிரோதமாகக் கழிவு போய்ச் சேர்ந்தால், அனுப்பிய நாடே 30 நாளில் திரும்ப எடுக்க வேண்டும், முடியாவிட்டால் முறைப்படி அகற்ற வேண்டும் என்று அதன் 9-வது பிரிவு சொல்கிறது.

இது ஏட்டோடு நின்றுபோன சட்டம் இல்லை. நமக்குப் பக்கத்தில் கொழும்பிலேயே நடந்திருக்கிறது. பழைய மெத்தை, விரிப்பு என்று கணக்குக் காட்டி இங்கிலாந்தில் இருந்து வந்த 263 கொள்கலன்களில் மருத்துவக் கழிவும் கலந்திருப்பதாகக் கண்டார்கள். சுற்றுச்சூழல் நீதிக்கான மையம் என்ற அமைப்பு அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2020 செப்டம்பரில் முதல் 21 கொள்கலன்கள் கப்பலேறின. 2022 பிப்ரவரியில் கடைசிக் கொள்கலன்களும் இங்கிலாந்துக்கே திரும்பிப் போயின.

கேரளம் வெளிநாடு அல்ல, பாசல் உடன்படிக்கை மாநில எல்லைக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் உண்டாக்கியவனே திரும்ப எடுக்க வேண்டும் என்ற நியாயம் ஒன்றுதான். இப்படி ஓர் உள்ளூர்க் கேள்விக்கு உலகத்தில் வேறு எங்கே என்ன பதில் கிடைத்திருக்கிறது என்று தேடி, ஒழுங்குபடுத்தி, இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதுதான் சட்ட ஆய்வு. அதைக் கட்டணமில்லாமல் பொதுநன்மைக்காகச் செய்வதைப் 'புரோ போனோ' என்று வக்கீல்கள் சொல்வார்கள்.

வேலூரில் கிணறு எண்ணியவர்கள்

உலகச் சட்டம் நம்ம வயலுக்குள் இறங்கியதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே முன்னுதாரணம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு வந்தது.

1992-ல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இரண்டு கொள்கைகள் சொல்லப்பட்டன. கெடுதல் வருமா என்று அறிவியல் முழுமையாக நிரூபிக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது முன்னெச்சரிக்கைக் கொள்கை. கெடுத்தவரே சரிசெய்யும் செலவையும் நட்டஈட்டையும் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று வேலூர்த் தீர்ப்பு சொன்னது. 2010-ல் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தபோது, தீர்ப்பாயம் இவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும் என்று அதன் 20-வது பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். கோடகநல்லூர்க் குப்பை லாரி ஏறியதற்குப் பின்னால் இவ்வளவு தூரம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ரியோ பற்றிய பக்கத்தை அல்ல. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வை வைத்து நீதிமன்றம் பதிவு செய்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கும் அதில் இருக்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின.

யாரோ நாலு பேர் வெயிலில் நடந்து 467 கிணற்றை எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ரியோ கொள்கை அந்தரத்தில் நின்றிருக்கும். ரியோ கொள்கையை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் 350 கிணறு வெறும் ஒப்பாரியாகப் போயிருக்கும். ஒரு வழக்குக்கு இரண்டும் வேண்டும். சட்டத்தைத் தேடித்தர மாணவர்களால் முடியும். கிணற்றை எண்ணுவது நம்ம வேலை.

எண்ணிக்கை இல்லாதபோது

இதற்கு மாறான அனுபவமும் நம்ம ஆற்றிலேயே உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2017 மார்ச் 2-ல் வழக்கு தள்ளுபடி ஆனது. ஆலைகளுக்குப் போவது உபரி நீர்தான் என்ற வாதம் நின்றது.

உபரி என்பது ஒரு கணக்கு. அணைக்கட்டில் எவ்வளவு திறந்தார்கள் என்ற கணக்கு நீர்வளத் துறையிடம் இருக்கும். எந்தக் கடைமடைக்கு எந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை, எத்தனை முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், எத்தனை ஏக்கர் கார் சாகுபடி நின்றுபோனது என்ற கணக்கு நம்மிடம்தான் இருக்க முடியும். அது தேதிவாரியாக எழுதப்பட்டு இருந்தால் 'உபரி' என்ற சொல்லை எதிர்த்துக் கேள்வி கேட்கலாம். எழுதப்படாவிட்டால் அரசுக் கோப்பில் இருப்பது மட்டும்தான் கணக்கு.

எங்கள் பக்கத்து உழவர் கூட்டம் ஒன்றுக்குச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். வாய்க்காலில் சாக்கடை கலப்பது பற்றிப் பேச்சு வந்தது. ஒரு மாணவி, "எந்த வருசத்துல இருந்து தண்ணி கெட்டுது, எழுதி வச்சிருக்கியளா தாத்தா?" என்று கேட்டாள்.

"எழுத எங்கம்மா நேரம்? எல்லாம் மனசுல கெடக்கு" என்றார் ஒரு பெரியவர்.

"மனசுல கெடக்கத மனுவுல போட முடியாதுல்லா தாத்தா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்று நோட்டை எடுத்துவிட்டாள்.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எந்த ஆண்டு மீன் செத்து மிதந்தது, எந்த ஆண்டில் இருந்து நாற்றங்காலில் பயிர் கருகியது, யார் யாருக்கு வாய்க்காலில் இறங்கினால் கால் அரிப்பு வந்தது என்று ஒன்றரை மணி நேரம் போனது. பெரியவர் முடிவில், "துட்டு எவ்வளவும்மா ஆகும்?" என்றார். "துட்டெல்லாம் வேண்டாம் தாத்தா. எங்களுக்கு இது படிப்பு" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தர்மம் செய்கிற தோரணை அதில் இல்லை.

வனுவாட்டு மாணவர்கள்

மாணவர்கள் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று நினைப்பவர்கள் பசிபிக் தீவுகளைப் பார்க்கலாம். வனுவாட்டு என்ற சின்ன நாட்டில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019-ல் ஒன்று சேர்ந்தார்கள். கடல் மட்டம் உயர்ந்து தங்கள் தீவுகளே போய்விடும் நிலை. நிலத்தில் உப்பு ஏறுகிறது, புயல் பயிரை அழிக்கிறது. இதற்குக் காரணமான புகையை விட்டது வேறு நாடுகள். யாரிடம் போய்க் கேட்பது?

எந்த நீதிமன்றத்தில், என்ன கேள்வியை, எப்படிக் கேட்கலாம் என்று தேடினார்கள். ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள்தான் வழக்குப் போட முடியும், தனி ஆள் போட முடியாது. ஆனால் ஐ.நா. பொதுச் சபை கேட்டால் அந்த நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொல்லும். மாணவர்கள் அந்த வழியைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கள் அரசுகளை அணுகினார்கள். வனுவாட்டு அரசு முன்னின்று மற்ற நாடுகளைச் சேர்த்தது. 2023 மார்ச் 29-ல் பொதுச் சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2024 டிசம்பரில் 90-க்கும் மேற்பட்ட நாடுகள் நீதிமன்றத்தில் பேசின. நம்ம கோடகநல்லூரில் குப்பை கிடந்த அதே மாதம்.

2025 ஜூலை 23-ல் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துக் கருத்து சொன்னார்கள்: காலநிலையைக் கெடுக்காமல் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும், தூய்மையான சுற்றுச்சூழல் மனித உரிமையோடு சேர்ந்தது. ஆலோசனைக் கருத்து என்பதால் அது யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் ரியோ கொள்கையும் 1992-ல் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. நாலு வருடத்தில் வேலூர்த் தீர்ப்புக்குள் வந்துவிட்டது.

உழவர் உரிமைக்கு ஓர் உலகப் பிரகடனம்

நம்மில் பலருக்குத் தெரியாத ஓர் ஆவணம் இருக்கிறது. உழவர்கள் மற்றும் ஊர்ப்புறங்களில் உழைக்கும் மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம். 2018 டிசம்பர் 17-ல் பொதுச் சபை நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. மொத்தம் 28 பிரிவுகள். நீதி பெறும் உரிமையும் சட்ட உதவியும் 12-வது பிரிவு, தூய்மையான சுற்றுச்சூழல் 18-வது, விதை 19-வது, தண்ணீர் 21-வது. விதையைச் சேமிக்க, பயன்படுத்த, பரிமாற, விற்க உழவருக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது.

நம்ம நாட்டுச் சட்டத்திலும் இது உண்டு. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001-ன் 39-வது பிரிவைப் பாருங்கள். முத்திரையிட்ட வணிகப் பெயரில் விற்பதைத் தவிர, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம்.

அப்படி இருந்தும் 2019-ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட உழவர்கள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. சிலரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நட்டஈடு கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து, 2019 மே மாதம் வழக்கைத் திரும்பப் பெற்றது. பிறகு உழவர் உரிமைச் செயல்பாட்டாளர் கவிதா குருகந்தி போட்ட மனுவில் அந்த ரகத்தின் பதிவையே ஆணையம் 2021 டிசம்பரில் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு பதிவைத் திரும்பக் கொடுத்துவிட்டது. இந்த ஏற்ற இறக்கத்தில் 39-வது பிரிவு மட்டும் அப்படியே நிற்கிறது. விதைத் திருவிழா நடத்துகிற ஒவ்வொரு குழுவும் அந்தப் பிரிவையும் பிரகடனத்தின் 19-வது பிரிவையும் ஒரே தாளில் தமிழில் அச்சடித்து வைத்துக்கொள்ள வேண்டாமா? அந்த ஒரு தாளை எழுதித்தர ஒரு சட்ட மாணவருக்கு இரண்டு நாள் போதும்.

தமிழில் என்று அழுத்திச் சொல்கிறேன். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது மக்கள் கருத்தை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுவிட்டுக் கேட்டார்கள். அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30-ல் சொல்ல வேண்டியிருந்தது. படிக்க முடியாத காகிதத்துக்கு எப்படி ஆட்சேபம் எழுதுவது?

மாணவர்களால் முடிவதும் முடியாததும்

முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவர் நீதிமன்றத்தில் நமக்காக வாதாட முடியாது, வக்காலத்து போட முடியாது. அதற்கு வக்கீல் வேண்டும். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி இலவசமாக வக்கீல் கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. நிலம் வீட்டம்மா பெயரில் இருந்தால் அவர்களே மனுதாரராகலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

மாணவர்கள் செய்யக்கூடியவை:

1. எந்தச் சட்டம், எந்த விதி, எந்த அலுவலகம் என்று தேடிச் சொல்வது. பாதிப் பேர் தவறான அலுவலகத்துக்கு மனு எழுதியே ஆண்டுகளைக் கழிக்கிறோம்.

2. தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி எழுதித் தருவது. கட்டணம் 10 ரூபாய், பதில் வர 30 நாள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். 'இன்ன ஆலைக்கு வழங்கிய இசைவாணையின் நகல், கடைசி மூன்று ஆய்வறிக்கைகளின் நகல்' என்று கேட்டால் காகிதம் வரும்.

3. மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவேட்டைப் பார்வையிட உதவுவது. கழிவுநீர் வெளியேற்ற வாரியம் கொடுத்த இசைவுகளின் பதிவேட்டை, பாதிக்கப்பட்ட யாரும் பார்க்கலாம் என்று தண்ணீர்ச் சட்டம், 1974-ன் 25-வது பிரிவிலேயே இருக்கிறது.

4. பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையைப் படித்துத் தமிழில் சுருக்குவது. 2006 அறிவிக்கையின்படி பொதுக் கேட்புக்கு 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். அந்த 30 நாளில் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்க நாலு மாணவர்கள் பிரித்துக்கொண்டால் முடியும்.

5. காலக்கெடுவைக் கணக்குப் பார்ப்பது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் பொதுவான மனுவுக்கு ஆறு மாதம், நட்டஈடு கேட்க ஐந்து ஆண்டு, அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேற்கொண்டு 60 நாள்வரை பொறுப்பார்கள். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

6. வெளிநாட்டுத் தீர்ப்பு, ஐ.நா. பிரகடனம், உடன்படிக்கை இவற்றில் நமக்கு உதவுவதைத் தேடி வக்கீல் கையில் கொடுப்பது. மாவட்டத்து வக்கீலுக்கு இதற்கு நேரம் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் உள்ள ஈலா என்ற உலகச் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் கூட்டமைப்பு 1989-ல் இருந்து பல நாட்டு மக்கள் வழக்கறிஞர்களுக்கு இதைத்தான் செய்துவருகிறது.

இதில் மாணவர்களுக்கும் ஆதாயம் உண்டு. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008 விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் அவர்கள் களப்பயிற்சி செய்தாக வேண்டும். அதைத் தொண்டு நிறுவனங்களிலும் செய்யலாம். பல பிள்ளைகள் இடம் கிடைக்காமல் அலைகிறார்கள். திருநெல்வேலியில் 1996-ல் இருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நம்ம ஆற்றுப்படுகைப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். நம்ம உழவர் அமைப்புகள் ஆண்டுக்கு நாலு மாணவர்களை நாலு வாரம் வைத்துக்கொள்ள முன்வந்தால் இரண்டு தரப்புக்கும் காரியம் நடக்கும். சாப்பாடும் தங்க இடமும் கொடுப்பது உழவர் வீட்டுக்குப் பெரிய செலவில்லை. கல்லூரி முதல்வருக்கு அமைப்பின் பெயரில் ஒரு கடிதம் எழுதுவதில் தொடங்கலாம்.

நம்ம பங்கு: ஒரு பேரேடு

நான் வங்கியில் வேலை பார்த்தவன். தேதி இல்லாத சீட்டுக்கு அங்கே மதிப்பில்லை. வழக்கிலும் அப்படித்தான். ஒவ்வொரு வாய்க்கால் குழுவும் ஒரு நோட்டுப் போட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

தேதி, நேரம், இடம் (சர்வே எண் அல்லது மடையின் பெயர்), தண்ணீரின் நிறம், வாடை, நுரை, பயிரிலும் கால்நடையிலும் கண்டது, பார்த்தவர் இரண்டு பேரின் கையெழுத்து. கைபேசியில் இடமும் நேரமும் பதிவாகும்படி படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, கார் நடவுக்கு முன்னும் பிசான நடவுக்கு முன்னும், மண்ணையும் கிணற்று நீரையும் அரசு ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கையைக் கோப்பில் வைக்க வேண்டும். கெடுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற அறிக்கைதான் பின்னால் ரொம்ப உதவும்.

கழிவுநீரை நாமே பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் தண்டனை வழக்கில் அது சாட்சியமாக நிற்காது. வாரிய அதிகாரி ஆலைக்குத் தெரிவித்து, இரண்டு பங்காகப் பிரித்து, முத்திரை வைத்து எடுத்தால்தான் நிற்கும். நாம் எடுத்த அறிக்கை அதிகாரியை வரவழைக்கப் பயன்படும். அதனால் இரண்டும் வேண்டும்.

இயற்கை வேளாண்மை செய்கிற நமக்கு இது கூடுதல் அவசியம். நஞ்சு போடாமல் மூன்று வருடம் பாடுபட்டு சான்று வாங்கியவர் வயலில் மேலே இருந்து கழிவுநீர் இறங்கினால் சான்று கேள்விக்குறி ஆகும். பஞ்சகவ்யமும் பசுந்தாள் உரமும் ஆலைக் கழிவை மாற்றிவிடாது. நம்மாழ்வார் ஐயா தன் கடைசி நாட்களில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து டெல்டா ஊர்களில் நடந்துகொண்டிருந்தார், 2013 டிசம்பர் 30-ல் அந்தப் பயணத்திலேயே காலமானார். வயலைக் காப்பது வரப்போடு முடிவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

காலம் பிடிக்கும், வட்டியும் ஏறும்

சட்டம் வேகமாக நடக்கும் என்று நான் சொல்லவில்லை. வேலூர்த் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், 2025 ஜனவரி 30-ல் அதே தோல் தொழிற்சாலை மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இழப்பீடும் நிலத்தைச் சீராக்குவதும் இன்னும் முடிந்தபாடில்லை.

ஆனால் ராஜஸ்தானில் பிச்ரி என்ற ஊரின் கதையைக் கேளுங்கள். ரசாயன ஆலைகளின் கழிவு நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளின் தண்ணீர் நிறம் மாறி, குடிக்கவும் பாய்ச்சவும் உதவாமல் போனது. 1989-ல் வழக்கு, 1996 பிப்ரவரியில் தீர்ப்பு. கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்று அங்கேயும் சொன்னார்கள். சரிசெய்யும் செலவு 37.385 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். ஆலைத் தரப்பு மனு மேல் மனு போட்டு இழுத்தடித்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொறுமை இழந்து, 1997 நவம்பர் 4-ல் இருந்து ஆண்டுக்கு 12 சதவீதம் கூட்டு வட்டியோடு கொடு என்றது. பழைய வேலைப் பழக்கத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீர்ப்பு நாளிலேயே அசலும் வட்டியுமாகச் சுமார் 175 கோடி வருகிறது. இழுத்தடிப்பதே லாபம் என்று இருப்பவர்களுக்கு இது நல்ல பாடம். அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டத் தெரிந்த ஆள் நம்ம பக்கம் இருக்க வேண்டும்.

ஆகவே, இந்த இதழைப் படிக்கிற குழுக்களுக்கு மூன்று வேண்டுகோள். வருகிற கார் பருவத்துக்குள் வாய்க்கால் நோட்டைத் தொடங்குங்கள். உங்கள் மாவட்டச் சட்டக் கல்லூரியின் சட்ட உதவி மையத்துக்கு அமைப்பின் பெயரில் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் 'எங்களுக்கு உதவுங்கள்' என்று பொதுவாக எழுதாமல், ஒரே ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள்: இன்ன வாய்க்காலில் இன்ன இடத்தில் இன்ன கழிவு கலக்கிறது, இதற்குப் பொறுப்பு யார், எந்தச் சட்டத்தில், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?

பதில் எழுத ஒரு மாணவர் கிடைத்தால், ஒருமுறை வாய்க்கால் கரைக்கு வரச் சொல்லுங்கள். தண்ணீரைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் மனுவுக்குத் தனிக் கனம் உண்டு.